இடம் கொட்டிக் கிடக்கும் கண்டத்தில் ஏன் இத்தனை கோபுரங்கள்?

மகளைப் பார்க்க மெல்போர்ன் போய்த் திரும்பிய ஒருவர் கேட்டிருக்கிறார்: "விமானம் ஆஸ்திரேலியாவுக்குள் நுழைந்த பிறகு மணிக்கணக்கில் ஜன்னலில் செம்மண்தான் தெரிந்தது. ஊர் இல்லை, விளக்கு இல்லை. இறங்கிப் பார்த்தால் ஆற்றங்கரையில் நூறு மாடி நிற்கிறது. இவ்வளவு நிலத்தை வைத்துக்கொண்டு ஏன் மேலே ஏறுகிறார்கள்? எப்படிக் கட்டுகிறார்கள்? மகள் அப்படி ஒன்றில் வீடு பார்த்துக்கொண்டிருக்கிறாள். வாங்கலாமா?"

அந்த ஊர்க் கட்டடங்களோடு கட்டமைப்புப் பொறியாளனாகப் பல ஆண்டுகள் பழகியவன் என்ற உரிமையில் சொல்கிறேன். மூன்றாவது கேள்விக்கான பதில் கடைசியில்தான் வரும். முதலிரண்டும் புரியாமல் அதைச் சொல்லிப் பயனில்லை.

நீங்கள் பார்த்த செம்மண்ணில் தண்ணீர் இல்லை, வேலையும் இல்லை. ஏறத்தாழ 2.7 கோடி மக்களில் பத்துக்கு நான்கு பேர் சிட்னி, மெல்போர்ன் என்ற இரண்டே நகரங்களில் இருக்கிறார்கள். அந்த நகரங்களோ தோட்டம் சூழ்ந்த தனிவீடுகளாகப் பரவிப் பரவி, ஒரு முனையிலிருந்து மறு முனைக்குப் போகவே பாதிப் பகல் கழிகிற அளவுக்கு ஆகிவிட்டன. அலுவலகம், பல்கலைக்கழகம், ரயில் எல்லாம் நடுவில் இருக்க, நடுவில் இருக்கும் மனைகள் மட்டும் பொன் விலை விற்கின்றன. ஆனால் இது அடுக்குமாடி ஏன் வந்தது என்பதற்கு மட்டுமே விளக்கம். ஒரு நகரில் 317 மீட்டர், அடுத்ததில் 270, இன்னொன்றில் 138 என்று உயரங்கள் ஏன் அங்கங்கே நின்றுபோயின என்பதை நிலத்தின் விலையை வைத்து விளக்க முடியாது. அதற்குச் சட்டப் புத்தகத்தைத்தான் புரட்ட வேண்டும். அந்தக் கண்டத்தின் கோபுரங்களுக்கு அளவெடுத்தவை தீயணைப்பு ஏணி, பூங்காவின் வெயில், விமானப் பாதை, வீட்டுப் பத்திரம் என்ற நான்குதான் என்பது என் கணிப்பு.

கதை 1880களின் மெல்போர்னில் தொடங்குகிறது. தங்கம் கொடுத்த பணமும் நிலத்தில் சூதாடும் வெறியும் ஊரைப் பிடித்து ஆட்டிய காலம். தெருக்களுக்கு அடியில் குழாய் பதித்து, அழுத்தமூட்டிய தண்ணீரை வீடு வீடாக விற்க ஒரு கம்பெனியே இருந்தது. குடிக்க அல்ல, லிஃப்ட் ஓட்ட! மின்சார லிஃப்ட் பரவுவதற்கு முன்பே தண்ணீரின் பலத்தில் மேலே போய் வந்தார்கள். அந்தத் தைரியத்தில் 1889இல் எலிசபெத் தெரு முனையில் ஆஸ்திரேலியன் பில்டிங் என்ற 12 மாடிக் கட்டடம் எழுந்தது. அப்போது உலகத்தின் மிக உயர்ந்த வணிகக் கட்டடங்களின் வரிசையில் அதுவும் ஒன்று. அடுத்த சில ஆண்டுகளில் வங்கிகள் வரிசையாகக் கவிழ்ந்தன, நில வெறி அடங்கியது. கட்டடம் மட்டும் துணையின்றி நெடுங்காலம் நின்றுவிட்டு 1980இல் இடிக்கப்பட்டது. அதை இடித்தவர்களை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

ஏணியின் கதை சிட்னியில். 1901இல் ஹேமார்க்கெட் பகுதியில் ஆன்டனி ஹோர்டர்ன் என்ற பெரிய அங்காடி எரிந்தது. மேலே சிக்கிய ஒருவரைத் தீயணைப்பு வண்டியின் ஏணியால் எட்ட முடியவில்லை. தெருவில் கூட்டம் பார்த்துக்கொண்டிருக்க அவர் குதித்தார். ஊரால் அதை மறக்க முடியவில்லை. பத்துப் பதினோரு ஆண்டுகள் கழித்து, காஸல்ரே தெரு முனையில் கல்வுல்லா சேம்பர்ஸ் என்ற 14 மாடிக் கட்டடம் சுமார் 50 மீட்டர் உயரத்துக்கு எழுந்தபோது, இனி இப்படி ஒன்று கூடாது என்று 1912இல் சட்டம் போட்டார்கள். உச்ச வரம்பு 150 அடி. மெல்போர்ன் 1916இல் 132 அடி என்று தன் பங்குக்குக் கோடு கிழித்தது. நியூயார்க் எம்பயர் ஸ்டேட் கட்டிக்கொண்டிருந்த நாட்களில் ஆஸ்திரேலிய நகரங்கள் மொட்டைத் தலைகளை வரிசையாக வைத்ததுபோல் ஒரே மட்டத்தில் நின்றதற்கு இதுதான் காரணம்.

இந்த மூடியைத் திறந்தது ஒரு பேரம். 1950களில் மெல்போர்னில் ஐசிஐ நிறுவனம், "தரையில் பாதி இடத்தைத் தோட்டமாக விட்டுவிடுகிறோம், அந்த அளவை மேலே ஏற்றிக்கொள்ள விடுங்கள்" என்கிற கணக்கோடு வந்தது. அனுமதி கிடைத்தது. 1958இல் 20 மாடிக் கண்ணாடிப் பெட்டியாக ஐசிஐ ஹவுஸ் நின்றது. கொஞ்ச காலத்தில் கண்ணாடிகள் பெயர்ந்து தெருவில் விழவும் ஆரம்பித்தன. புதுமைக்கு ஊர் கொடுத்த விலை. ஆனால் அந்தப் பேரம் நிலைத்துவிட்டது. எவ்வளவு உயரம் என்று கேட்பதை விட்டு, மனையின் பரப்பைப்போல எத்தனை மடங்கு தளப்பரப்பு என்று கேட்கும் முறை வந்தது. நம் ஊரில் எஃப்எஸ்ஐ என்று சொல்கிறோமே, அதேதான். சிட்னி 1957இல் சட்டத்தைத் தளர்த்தியது. 1962இல் துறைமுகத்தைப் பார்த்தபடி 117 மீட்டர் உயரத்தில் ஏஎம்பி கட்டடம் வந்தது.

இனி சொல்லப்போவது பலருக்கும் தெரியாத பகுதி. எனக்குப் பிடித்ததும் இதுதான். 1961க்கு முன்னால் சிட்னியில் ஒரு ஃபிளாட்டை உங்கள் பெயரில் பத்திரம் போட்டு வாங்க முடியாது. கட்டடம் ஒரு கம்பெனியின் பெயரில் இருக்கும். அந்தக் கம்பெனியின் பங்குகளைத்தான் வாங்குவீர்கள். அந்தப் பங்குகளை ஈடாக ஏற்று வங்கிகள் சுலபமாகக் கடன் தராது. கடன் இல்லாவிட்டால் நடுத்தர வர்க்கம் வாங்காது; அவர்கள் வாங்காவிட்டால் யாரும் கட்ட மாட்டார்கள். நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் 1961இல் ஸ்ட்ராட்டா என்ற உரிமை முறையைக் கொண்டுவந்து இந்த முடிச்சை அவிழ்த்தது. காற்றில் தொங்கும் ஒரு பெட்டி இடத்தை, அதன் சுவர், தரை, கூரைக்கு நடுவே உள்ள வெளியை, தனி மனைபோலப் பதிவு செய்யலாம். படிக்கட்டு, லிஃப்ட், மொட்டைமாடி எல்லாருக்கும் பொது. சிங்கப்பூரில் வசிப்பவர்களுக்கு இந்தச் சொல் புதிதல்ல: அங்கே 1960களில் வந்த ஸ்ட்ராட்டா சட்டம் சிட்னியின் இந்தச் சட்டத்தைப் பார்த்து எழுதப்பட்டதுதான்.

சட்டத்துக்காக முன்னின்று உழைத்தவர்களில் முக்கியமானவர் டிக் டுஸல்டார்ப். நெதர்லாந்திலிருந்து வந்து லெண்ட் லீஸ் நிறுவனத்தை உருவாக்கியவர். அவருக்கு அமைந்த கட்டடக் கலைஞர் ஹாரி ஸைட்லர். வியன்னாவில் பிறந்து, நாஜிகளுக்குத் தப்பி ஓடி, 1948இல் சிட்னி வந்து சேர்ந்தவர். இருவரும் சேர்ந்து 1967இல் முடித்த ஆஸ்திரேலியா ஸ்கொயர் என்ற 50 மாடி வட்டக் கோபுரத்தை இன்றைக்கும் போய்ப் பார்க்கலாம். சின்னச் சின்ன மனைகள் பலவற்றைப் பொறுமையாக வாங்கிச் சேர்த்து, நடுவில் வட்டமாக ஒரு கோபுரத்தை நிறுத்தி, மிச்ச இடத்தின் பெரும்பகுதியை மக்களுக்கு முற்றமாக விட்டார்கள். கீழ்த்தளங்களின் கூரையை அண்ணாந்து பாருங்கள். இத்தாலியப் பொறியாளர் பியர் லூயிஜி நெர்வியின் கை தெரியும். கான்கிரீட்டைக் கோலம்போலப் பின்னியிருக்கிறார். அதே ஸைட்லர் துறைமுக ஓரத்தில் கட்டிய புளூஸ் பாயிண்ட் டவரைச் சிட்னிக்காரர்கள் அறுபது ஆண்டுகளாகத் திட்டிக்கொண்டிருக்கிறார்கள். எனக்கென்னவோ திட்டும் அளவுக்கு அது மோசமில்லை. ஆனால் அது நிற்கும் இடம் மோசம்தான், ஒப்புக்கொள்கிறேன்.

கட்டுகிறவர்களே கட்ட மறுத்த கதையையும் இங்கே சொல்ல வேண்டும். 1971இல் சிட்னியின் ஹண்டர்ஸ் ஹில் பகுதியில் மிஞ்சியிருந்த ஒரு துண்டுக் காட்டை வீட்டுமனையாக்கப் பார்த்தார்கள். அங்கிருந்த பெண்கள் பதிமூன்று பேர் எல்லா அலுவலகக் கதவுகளையும் தட்டிப் பார்த்துவிட்டுக் கடைசியில் கட்டடத் தொழிலாளர் சங்கத்தின் கதவைத் தட்டினார்கள். சங்கத் தலைவர்களில் ஒருவரான ஜாக் மண்டி, "எங்கள் ஆட்கள் அந்த இடத்தில் கை வைக்க மாட்டார்கள்" என்ற பொருளில் பதில் கொடுத்தார். பச்சைத் தடை என்று பெயர் பெற்ற இந்தப் போராட்டம் அடுத்த மூன்று நான்கு ஆண்டுகளில் நாற்பதுக்கும் மேற்பட்ட திட்டங்களை நிறுத்தியது. இன்று சுற்றுலாப் பயணிகள் படம் எடுத்துக்கொள்ளும் 'தி ராக்ஸ்' பகுதியின் பழைய கல் வீடுகள், கோபுரங்களுக்காக இடிபட இருந்தவை. ஸைட்லரின் எம்எல்சி சென்டர் 228 மீட்டர் எழும்பிய மனையில் ஒரு பழைய நாடக அரங்கம் இருந்தது, அதை இடித்துவிட்டார்கள். தொழிலாளர்கள் விடாப்பிடியாக நின்றதால் கோபுரத்தின் அடியிலேயே புதிய அரங்கம் ஒன்றைக் கட்டிக் கொடுக்க நேர்ந்தது. கூலி உயர்வுக்காகக் கொத்தனாரும் சித்தாளும் வேலையை நிறுத்துவதை எந்த ஊரிலும் பார்க்கலாம். மரத்துக்காகவும் நாடகக் கொட்டகைக்காகவும் நிறுத்தியது அங்கேதான்.

அடுத்தது வெயில். தெற்குக் கோளத்தில் சூரியன் வடக்கு வானத்தில் போகிறது. நிழல் தெற்கே விழும். அங்கே வடக்குப் பார்த்த வீட்டுக்குத் தனி மவுசு. வாஸ்துவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, குளிர்காலத்தில் உள்ளே வெயில் வரும், அவ்வளவுதான். ஜூன் மாதக் குளிரில் மதியச் சாப்பாட்டோடு பூங்காவில் உட்கார வருபவர்கள் மேல் கோபுரத்தின் நிழல் விழக்கூடாது என்று சிட்னி சட்டமே வைத்திருக்கிறது. ஹைட் பார்க் போன்ற இடங்களிலிருந்து சூரியனை நோக்கிச் சாய்வாக ஒரு கற்பனைக் கூரை போடுவார்கள். எந்தக் கட்டடமும் அதைத் துளைக்கக்கூடாது. சில கோபுரங்களின் தலை சாய்வாகச் சீவினாற்போல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். எல்லாம் கலைஞரின் கற்பனை என்று நினைத்துவிடாதீர்கள். வீட்டுக்கும் கணக்கு உண்டு. அடுக்குமாடியில் பத்துக்கு ஏழு வீடுகளின் கூடத்தில் நடுக்குளிர்காலத்திலும் குறைந்தது இரண்டு மணி நேரம் நேர் வெயில் விழ வேண்டும் என்பது சிட்னியின் வழிகாட்டு விதி. மெல்போர்ன் இந்த விஷயத்தில் வெகுகாலம் சோம்பலாக இருந்தது. ஜன்னலே இல்லாத படுக்கையறைகள், பக்கத்துக் கோபுரத்துக்காரர் பல் துலக்குவது தெரியும் இடைவெளிகள் என்று 2010களில் கண்டபடி கட்டித் தள்ளினார்கள். 2016இல்தான் நகர மையத்தில் மனையின் 18 மடங்குக்கு மேல் தளப்பரப்பு கூடாது, மிஞ்சினால் ஊருக்கு ஏதாவது பொதுப்பயன் செய்து கொடு என்று கட்டுப்பாடு போட்டார்கள். ஆனாலும் யாரா ஆற்றின் தென்கரையில் குளிர்கால நடுப்பகல் நிழல் கூடாது, போர் நினைவகமான ஷ்ரைனைத் தூரத்திலிருந்து பார்க்கும் காட்சியில் எதுவும் குறுக்கே நிற்கக்கூடாது என்ற இரண்டு விதிகளை அந்த ஊர் முன்பே காப்பாற்றி வந்திருக்கிறது. வெயிலைத் தொலைத்த ஊர் கோல்ட் கோஸ்ட். அங்கே கோபுரங்கள் கடற்கரைக்கு மேற்கே வரிசையாக நிற்கின்றன. பிற்பகல் ஆனால் வெயில் காய வந்தவர்கள் நிழலில் துண்டு விரித்துப் படுத்திருக்கிறார்கள்.

விமானம் இன்னும் கண்டிப்பானது; அதோடு பேரம் பேச முடியாது. சிட்னி விமான நிலையம் நகர மையத்திலிருந்து எட்டு கிலோமீட்டர்தான். பல ஆண்டுகளாக அங்கே கட்டடங்களுக்குச் சுமார் 235 மீட்டர் என்ற வரம்பு இருந்தது; 1981இல் திறந்த 309 மீட்டர் சிட்னி டவர் மட்டும் அதற்கு மேலே ஒரு தனிக் குச்சியாக நின்றது. பிரிஸ்பேனில் 274 மீட்டருக்கு மேல் போக முடியாது. அங்குள்ள ஸ்கைடவர் 270 மீட்டரில் கூரையில் தலை இடிக்காமல் குனிந்து நிற்கிறது. அடிலெய்டில் விமான நிலையம் ஊருக்குள்ளேயே இருப்பதுபோல அருகில் இருப்பதால் 2020இல் வந்த 138 மீட்டர் கட்டடமே அப்போது ஊரின் சாதனை. நீங்கள் மெல்போர்னில் பார்த்த நூறு மாடி, ஆஸ்திரேலியா 108 ஆக இருக்க வேண்டும். 388 மீட்டர் என்றுதான் முதலில் வரைந்தார்கள். சிறிய விமானங்கள் வந்துபோகும் எஸண்டன் நிலையத்தின் பறக்கும் பாதைக்கு இடைஞ்சல் என்று தெரிந்ததும் எழுபது மீட்டரை வெட்டி எறிந்து 317இல் முடித்தார்கள். கான்பெராவில் உயரமே வேண்டாம் என்று முடிவு. தலைநகரின் மையத்தில் கடல் மட்டத்திலிருந்து 617 மீட்டருக்கு மேல் எதுவும் எழக்கூடாது. ஊரே ஏறத்தாழ 560 மீட்டரில் இருக்கிறது என்பதால் மிச்சம் எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளுங்கள். பெர்த் இரும்புத் தாதின் விலையோடு ஏறி இறங்கும் ஊர். 249 மீட்டர் சென்ட்ரல் பார்க் 1992இல் வந்தது, முப்பது ஆண்டுகள் கழிந்தும் அதைத் தாண்ட ஆள் இல்லை.

இனி எப்படிக் கட்டுகிறார்கள் என்பதற்கு வருகிறேன். அஸ்திவாரத்தில் சிட்னி அதிர்ஷ்டக்கார ஊர். அடியில் ஹாக்ஸ்பரி மணற்பாறை. கேக்கை வெட்டுவதுபோல் செங்குத்தாக வெட்டிக்கொண்டே ஆறேழு நிலவறை இறங்கலாம். ஒரே தொல்லை, அந்தப் பாறைக்குள் பக்கவாட்டில் ஓர் இறுக்கம் காலங்காலமாகப் பூட்டிக் கிடக்கிறது. குழி தோண்டினால் சுவர்கள் மில்லிமீட்டர் மில்லிமீட்டராக உள்ளே நகரும். பக்கத்துக் கட்டடத்துக்காரர் வக்கீலோடு வருவார். மெல்போர்னில் யாராவின் தென்கரையும் டாக்லாண்ட்ஸ் பகுதியும் வேறு கதை. கூட் ஐலண்ட் வண்டல் என்று பெயர், பற்பசைபோல இருக்கும். அதைத் துளைத்துக்கொண்டு கீழே பாறையைத் தொடும் வரை ஆழமாகப் பைல், அதாவது அஸ்திவாரத் தூண், இறக்க வேண்டும். கோல்ட் கோஸ்டில் மணல். 2005இல் திறந்த 78 மாடி கியூ1 கோபுரம், இரண்டு மீட்டர் குறுக்களவுள்ள 26 பைல்களின் மேல் நிற்கிறது. மணலில் 40 மீட்டர் இறங்கிக் கடைசியில் நான்கு மீட்டர் வரை பாறைக்குள் ஊன்றியிருக்கிறார்கள். உச்சிக் கம்பியோடு 322.5 மீட்டர், 2011 வரை உலகத்தின் மிக உயர்ந்த குடியிருப்புக் கட்டடம் அதுதான்.

மேலே போகிற வேலைக்குக் கான்கிரீட்தான். முதலில் நடுவில் லிஃப்ட்டும் படிக்கட்டும் போகும் கூடு எழும்பும். நம் ஊர் சென்ட்ரிங்கைப் பிரித்துப் பிரித்து மேலே மறுபடி கட்டுவதுபோல் இல்லை. அந்தக் கூட்டைச் சுற்றிய அச்சு முழுவதும், வேலையாட்கள் நிற்கும் மேடையோடு சேர்த்து, ஹைட்ராலிக் ஜாக்குகளால் தன்னைத்தானே ஒரு மாடி தூக்கிக்கொள்ளும். அதற்குப் பின்னால் சில மாடிகள் கீழே தளம் போடுகிறவர்கள் துரத்திக்கொண்டு வருவார்கள். தளத்துக்குள் வெறும் கம்பி மட்டுமல்ல, எஃகு வடங்களும் ஓடும். கான்கிரீட் கொஞ்சம் இறுகியதும் வடங்களை இழுத்துப் பூட்டிவிடுவார்கள். இதனால் தளத்தின் கனம் குறையும், தூண்கள் தூரத் தூரத் தள்ளி நிற்கும். எல்லாம் சரியாக நடந்தால் வாரத்துக்கு ஒரு மாடி. இன்னும் பல மாடி கீழே கண்ணாடி முகப்புகளை மாட்டிக்கொண்டு வருவார்கள். அவற்றில் பெரும்பகுதி சீனாவிலிருந்து பெட்டி பெட்டியாக வருபவை. ஆஸ்திரேலியா 108இல் இந்த அடுக்கு முறையின் உச்சத்தைப் பார்த்தோம்: கீழ் மாடிகளில் மக்கள் குடியேறிக் காபி குடித்துக்கொண்டிருக்கும்போதே மேல் மாடிகளுக்குக் கான்கிரீட் ஏறிக்கொண்டிருந்தது.

கிரேனைப் பற்றி ஒரு வரி. கட்டடத்தோடு சேர்ந்து தானே ஏறிக்கொள்ளும் ஃபேவ்கோ கிரேன்கள் சிட்னியில் பிறந்தவை. நியூயார்க் உலக வர்த்தக மையத்தின் இரட்டைக் கோபுரங்களை இவற்றை வைத்துத்தான் கட்டினார்கள். தாவி ஏறுவதால் அமெரிக்கத் தொழிலாளர்கள் இவற்றுக்குக் கங்காரு என்று பெயர் வைத்தார்கள். பின்னாளில் அந்தக் கம்பெனியை மலேசியர்கள் வாங்கிவிட்டார்கள்.

நிலநடுக்கம் அங்கே பெரிய கவலை இல்லை. 1989இல் நியூகாசிலில் 13 பேரைப் பலிகொண்ட நடுக்கம் விதிவிலக்கு. பொறியாளரின் தூக்கத்தைக் கெடுப்பது காற்று. விழுந்துவிடும் என்ற பயம் கிடையாது, ஆட்டம்தான் பிரச்சினை. 80ஆவது மாடியில் தொங்கும் விளக்கு அசைந்தால் கட்டடம் எவ்வளவு பலமாக இருந்தாலும் குடியிருப்பவர் நம்ப மாட்டார். மெல்போர்னின் யுரேகா டவர் 2006இல் 297 மீட்டரில் முடிந்தது. பெருங்காற்றில் அதன் உச்சி 60 சென்டிமீட்டர் வரை அசையும்படியான கணக்கு. அதை அடக்க, 90, 91ஆம் தளங்களில் தலா மூன்று லட்சம் லிட்டர் கொள்ளும் இரண்டு தண்ணீர்த் தொட்டிகள். கட்டடம் ஒரு பக்கம் சாயும்போது தண்ணீர் சற்றுத் தாமதமாக எதிர்ப்பக்கம் புரண்டு அந்த வேகத்தை விழுங்கிவிடும். தலையில் நீர்க்குடத்தோடு நடக்கும் பெண்ணின் கழுத்து செய்கிற வேலையை இங்கே குடத்துத் தண்ணீர் செய்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பணம் எங்கிருந்து வருகிறது? வீட்டுக் கோபுரம் என்றால், குழி தோண்டுமுன்பே விற்க வேண்டும். வாங்கப்போகும் கடனை ஈடுகட்டும் அளவுக்கு முன்விற்பனை காட்டினால்தான் வங்கி கட்டுமானக் கடன் தரும். காகிதத்தில் இருக்கும் வீட்டை யார் வாங்குவார்? பெரும்பாலும் முதலீட்டாளர்கள். வெளிநாட்டவர்கள் பழைய வீடுகளை வாங்குவதை அந்த நாடு நெடுங்காலமாகக் கட்டுப்படுத்தி, புதிதாகக் கட்டப்படும் வீடுகளை மட்டும் தாராளமாக விட்டுவைத்தது. ஆசியப் பணம், குறிப்பாகச் சீனப் பணம், கோபுரங்களை நோக்கித் திரும்பியதற்கு இந்த விதி ஒரு முக்கியக் காரணம். அலுவலகக் கோபுரங்களின் கதை வேறு. 1992 முதல் ஒவ்வொரு முதலாளியும் தொழிலாளியின் ஓய்வூதியத்துக்குக் கட்டாயமாகப் பணம் கட்ட வேண்டும். அந்தப் பெருநிதி முதலீடு தேடி அலைகிறது. கட்டடத் தொழிலாளர்களின் ஓய்வூதிய நிதியான சிபஸ், தன் துணை நிறுவனத்தின் வழியாகக் கோபுரங்களே கட்டுகிறது; பிரிஸ்பேனில் குயின்ஸ்லாந்து அரசு குடியிருக்கும் 1 வில்லியம் ஸ்ட்ரீட் அதன் வேலை. மேலே கம்பி கட்டுகிறவர், வயதான காலத்தில் அந்தக் கட்டடத்தின் வாடகையில் சாப்பிடுவார். ஆனால் கட்டுகிற கம்பெனிகளின் பாடு திண்டாட்டம்: விலையை முன்பே நிர்ணயித்து ஒப்பந்தம் போட்டுவிட்டுக் கொரோனாவுக்குப் பிறகு எஃகும் கூலியும் ஏறியதைத் தாங்க முடியாமல் போனவர்கள் பலர். யுரேகாவைக் கட்டிய குரோகான் அந்த விலையேற்றத்துக்கு முன்பே 2020இலும், மெல்போர்னின் 92 மாடி அரோராவைக் கட்டிய புரோபில்ட் 2022இலும் கடன்காரர்கள் முன் கைவிரித்தன.

இப்போது உங்கள் மகளின் வீட்டுக்கு வருகிறேன். முதலில் மூன்று சம்பவங்கள். 2014 நவம்பரில் மெல்போர்ன் டாக்லாண்ட்ஸில் ஒரு கோபுரத்தின் எட்டாம் மாடி பால்கனியில் சரியாக அணைக்காத ஒரு சிகரெட்டால் தீப்பிடித்தது. வெளிச்சுவரில் ஒட்டியிருந்த அலுமினியப் பலகையின் நடுவில் இருந்தது பிளாஸ்டிக். பத்துப் பன்னிரண்டு நிமிடங்களில் தீ 21ஆம் மாடியை எட்டியது. உயிர்ச்சேதம் இல்லை. லண்டனின் கிரென்ஃபெல் கோபுரத் தீயில் 72 பேர் இறப்பதற்கு இரண்டரை ஆண்டுகளுக்கு முன்பே வந்த எச்சரிக்கை அது. 2018 கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள், சிட்னி ஒலிம்பிக் பார்க்கில் புத்தம் புதிய ஓபல் டவரில் வெடிச்சத்தம் கேட்டுக் குடியிருந்தவர்கள் பெட்டியோடு தெருவுக்கு வந்தார்கள். வடிவமைப்பிலும் கட்டுமானத்திலும் பிழைகள் இருந்ததாக விசாரணை சொன்னது. அடுத்த ஜூனில் மாஸ்கட் டவர்ஸ் விரிசல் விட்டது. அங்கிருந்து வெளியேறியவர்களில் பலர் திரும்பிப் போகவே முடியவில்லை. இதற்குப் பிறகுதான் நியூ சவுத் வேல்ஸ் கட்டட ஆணையரை நியமித்து, 2020இல் கடுமையான சட்டங்களைக் கொண்டுவந்தது. இன்னொரு வேடிக்கை: தனிவீடு கட்டினால் கட்டுபவர் காப்பீடு எடுக்க வேண்டும், மூன்று மாடிக்கு மேல் போனால் நீண்ட காலமாக அந்தக் கட்டாயம் இல்லை. அதாவது கட்டடம் உயர உயர, வாங்குபவருக்குப் பாதுகாப்பு குறைந்தது.

ஆகவே காகிதத்தில் இருக்கும் வீட்டை நான் வாங்க மாட்டேன். பத்து ஆண்டுகளாவது ஓடிய கட்டடமாகப் பார்க்கச் சொல்லுங்கள். கசிய வேண்டியது கசிந்திருக்கும், விரிய வேண்டியது விரிந்திருக்கும். உரிமையாளர் சங்கத்தின் கூட்டக் குறிப்புகளைக் கேட்டு வாங்கி மூன்று ஆண்டுகளுக்காவது படிக்க வேண்டும். சிட்னியில் இந்தச் சங்கத்தை ஸ்ட்ராட்டா என்பார்கள், பிரிஸ்பேனில் பாடி கார்ப்பரேட், மெல்போர்னில் ஓனர்ஸ் கார்ப்பரேஷன். "தண்ணீர்க் கசிவு", "வெளிப்பலகை", "வழக்கு" என்ற மூன்று சொற்களில் எது அடிக்கடி வருகிறது என்று பார்த்தாலே பாதி ஜாதகம் தெரிந்துவிடும். பெரும் பழுதுகளுக்கென்று சேர்த்துவைத்த நிதி எவ்வளவு, காலாண்டுக் கட்டணம் எவ்வளவு என்பவை அடுத்து. நீச்சல் குளமும் சினிமா அறையும் இருக்கும் கோபுரத்தில் அந்தக் கட்டணம் கசக்கும். லிஃப்ட் எண்ணிக்கை கூடக்கூட இன்னும் கசக்கும். முப்பது மாடிக்குக் கீழே, வடக்குப் பார்த்து, எதிரே காலி மனை இல்லாமல் இருந்தால் யோசிக்கலாம். எதிரே காலி மனை இருந்தால் அது காலியாகவே இருக்கும் என்று விற்பனையாளர் சத்தியம் செய்தாலும் நம்ப வேண்டாம்.

இன்னும் உயரமாகக் கட்டுவார்களா என்றால், 350, 390 மீட்டர் என்று படங்கள் வருடந்தோறும் வருகின்றன, படங்களாகவே நின்றுவிடுகின்றன. என்னை ஈர்ப்பது சிட்னியின் குவே குவார்ட்டர் டவர். 1976இன் பழைய கோபுரத்தை இடிக்காமல், அதன் தூண், உத்திரம், தளங்களில் மூன்றில் இரண்டு பங்கை வைத்துக்கொண்டு, மேலேயும் பக்கவாட்டிலும் புதிய உடலை ஒட்டி 216 மீட்டருக்கு வளர்த்துவிட்டார்கள். 2022இல் உலகின் சிறந்த கட்டடம் என்ற விருதும் கிடைத்தது.

அடுத்த முறை மெல்போர்ன் போகும்போது ஷ்ரைன் படிகளில் ஏறி நின்று, ஸ்வான்ஸ்டன் தெரு நேர்கோட்டில் வடக்கே பாருங்கள். தெருவின் அந்தக் கோடியில் 32 மாடிக் குடியிருப்பு ஒன்று நிற்கிறது. அதன் வெள்ளைப் பால்கனிகளின் நெளிவுகள் சேர்ந்து தாடி வைத்த ஒரு முதியவரின் முகமாகத் தெரியும். அவர் வில்லியம் பராக்; அந்த மண்ணுக்கு உரியவர்களான வுருன்ஜெரி மக்களின் தலைவர், 1903இல் இறந்தவர். பக்கத்தில் போனால் முகம் மறைந்து வெறும் பால்கனிகள்தான் மிஞ்சும். தெற்குப் பார்த்த முகப்பு என்பதால் ஆண்டின் பெரும்பகுதி நிழலிலேயே இருக்கும்; டிசம்பர், ஜனவரியில் அதிகாலையிலோ பொழுது சாயும் நேரத்திலோ போனால் அந்த முகத்தில் கொஞ்சம் வெயில் படும்.